குலுக்கலின் மறுபக்கம்

1988இல் தொடங்கி அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மருத்துவ மையங்களில் 372 பேர் ஒரு மருந்துப் பரிசோதனையில் சேர்ந்தார்கள். எல்லோரும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள். ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு பங்கினருடைய ஊசியில் இண்டர்ஃபெரான் பீட்டா-1பி முழு அளவில் இருந்தது. இன்னொரு பங்கினருக்கு அதே மருந்து குறைந்த அளவில். மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களை நோய் ஆண்டுக்குச் சராசரியாக 1.27 முறை தாக்கியது. முழு அளவு மருந்து பெற்றவர்களை 0.84 முறை. இந்த வித்தியாசத்தின் பலத்தில்தான் 1993இல் இந்த நோய்க்கான முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தயாரித்த மருந்து எல்லோருக்கும் போதவில்லை. காத்திருந்தவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு வரிசை வைத்துக் கொடுத்தார்கள்.

பரிசோதனை தொடங்கி 21 ஆண்டுகள் ஆனபின் ஆய்வாளர்கள் அந்த 372 பேர் என்ன ஆனார்கள் என்று தேடினார்கள். 366 பேரைப் பற்றித் தகவல் கிடைத்தது. அவர்களில் 81 பேர் இறந்திருந்தார்கள். தொடக்கத்தில் மருந்துக் குழுவில் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம், வெற்று ஊசிக் குழுவில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ 47 சதவீதம் குறைவு. பரிசோதனை முடிந்தபின் எல்லோரும் மருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. குலுக்கல் பிரித்துவைத்தது முதல் சில ஆண்டுகளை மட்டும்தான். எண்ணிக்கை சிறியது, நடுவே கடந்த ஆண்டுகளில் எத்தனையோ மாறியிருக்கும், ஆகவே இந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் இந்த நோயில் தொடக்க ஆண்டுகளைத் திரும்பப் பெற முடியாது என்பதற்கு வேறு சான்றுகளும் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

பரிசோதனையில் சேரலாமா என்று யோசிக்கும் நோயாளியும் குடும்பமும் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, ‘இந்தப் புது மருந்து நல்லதா?’ என்பது. அதற்கு விடை தெரிந்திருந்தால் பரிசோதனையே வேண்டியதில்லை. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. குலுக்கலில் புது மருந்து எனக்கு விழாவிட்டால் எனக்குக் கிடைக்கப்போவது என்ன? சேராமல் வெளியில் இருந்தால் என் மருத்துவர் எழுதிக் கொடுக்கக்கூடியதைவிட அது மேலா, கீழா? இந்த நோயின் நாற்பதாண்டுப் பரிசோதனை வரலாற்றைப் படிக்கப் படிக்க, முடிவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒப்புதல் படிவங்களில் இது சொல்லப்படாமல் இருப்பதில்லை. பதினைந்தாம் பக்கத்திலோ பதினாறாம் பக்கத்திலோ இருக்கும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. மூளை, முதுகுத்தண்டு, கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே அதைத் தாக்குவதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். பாரிஸில் ழான்-மார்ட்டின் ஷார்க்கோ 1868இல் இதைத் தனி நோயாக விவரித்தார். உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இருப்பதாக 2020இல் மதிப்பிட்டார்கள். பெண்களுக்கு ஆண்களைவிட இரு மடங்குக்கும் அதிகம்; பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தொடங்குகிறது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முதலில் வருவது விட்டுவிட்டுத் தாக்கும் வகை: ஒரு கண் மங்கும், கால் மரத்துப்போகும், ஸ்டீராய்டு ஏற்றியபின் சில வாரங்களில் பெருமளவு தெளியும், பிறகு மீண்டும் வரும். சிலருக்குச் சில ஆண்டுகளில் அது தெளிவே இல்லாமல் மெல்ல மெல்ல இறங்கும் வகையாக மாறுகிறது. இன்னும் சிலருக்குத் தொடக்கம் முதலே இறங்குமுகம்தான். பரிசோதனையில் சேர்வதா என்ற கேள்விக்கு இந்த இரண்டு நிலைகளிலும் ஒரே விடை இல்லை.

முதலில் பயத்தைப் பேசிவிடலாம். ‘நம்மை எலியாக வைத்துச் சோதிப்பார்கள்’ என்று நம் வீடுகளில் சொல்வதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1987இல் வெளியான ஒரு சிறு பரிசோதனையில் 18 பேருக்கு இண்டர்ஃபெரான் காமா கொடுத்தார்கள்; ஏழு பேருக்கு நோய் புதிதாகத் தாக்கியது. பீட்டா உதவியது, காமா கெடுத்தது. மூட்டுவாதத்துக்குக் கைகொடுக்கும் மருந்துகளின் வழியில் உருவான லெனர்செப்ட்டை 168 பேரிடம் சோதித்தபோது, தாக்குதல்கள் கூடின. அட்டாசிசெப்ட் என்ற மருந்தின் பரிசோதனையையும் இதே காரணத்துக்காக 2009இல் பாதியில் நிறுத்தினார்கள். இவை மூன்றுமே ஆய்வகத்தில் நியாயமாகத் தோன்றிய யோசனைகள். எதிர்ப்பாற்றலைத் தொடும் மருந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மனித உடலில் செலுத்திப் பார்க்கும்வரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நட்டாலிசுமாப் என்ற மருந்தின் வரலாற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 942 பேர் சேர்ந்த பரிசோதனையில், முதல் ஆண்டில் வெற்று மருந்துக் குழுவில் சராசரியாக 0.81 தாக்குதல், மருந்துக் குழுவில் 0.26. அதுவரை யாரும் பார்த்திராத பலன். 2004 நவம்பரில் அமெரிக்க அனுமதி வந்தது. 2005 பிப்ரவரியில் நிறுவனமே மருந்தைத் திரும்பப் பெற்றது. இந்த மருந்தையும் இண்டர்ஃபெரானையும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு பரிசோதனையில் இருவருக்குப் பி.எம்.எல். என்ற கொடிய மூளைத் தொற்று வந்திருந்தது, ஒருவர் இறந்தார். குடல் நோய்க்காக இதே மருந்தைப் பெற்ற இன்னொருவரும் இதே தொற்றால் இறந்தது பிறகு தெரியவந்தது. நம்மில் பெரும்பாலோர் உடலில் தூங்கிக்கிடக்கும் ஜே.சி. வைரஸ்தான் காரணம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பரிசோதனைகளில் இந்த மருந்தைப் பெற்ற 3,116 பேரைத் திரும்ப அழைத்துப் பரிசோதித்தார்கள். உறுதியான புதிய தொற்று எவருக்கும் இல்லை. சராசரியாகப் பதினெட்டு மாதம் மருந்து பெற்றவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு அபாயம் என்று கணக்கிட்டார்கள். 2006 ஜூனில் கடுமையான கண்காணிப்பு நிபந்தனைகளோடு மருந்து திரும்பி வந்தது. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனைக்கு 2012இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இன்று சென்னையில் ஒருவருக்கு இந்த மருந்து ஏற்றும்முன் ஜே.சி. வைரஸ் எதிர்ப்பணு பார்க்கிறார்கள் என்றால், அந்த நோயாளிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. அரிய ஆபத்து ஆயிரம் பேர் கொண்ட பரிசோதனையில் தட்டுப்படாமலே போகலாம். டாக்ளிசுமாப் என்ற எம்.எஸ். மருந்து 2016இல் அனுமதி பெற்று, கடைகளுக்கு வந்து, மூளை வீக்கம் கண்டவர்கள் பற்றிய அறிக்கைகளால் 2018 மார்ச்சில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அனுமதி பெற்ற புத்தம்புது மருந்தை வெளியில் வாங்குபவரும் ஒருவகையில் பரிசோதனையில்தான் இருக்கிறார், கண்காணிப்புதான் குறைவு. மற்றது, முறையாக நடக்கும் பரிசோதனைக்குள் இருப்பவரை அடிக்கடி பார்க்கிறார்கள்: மாதம் தவறாத இரத்தப் பரிசோதனை, குறித்த நாளில் எம்.ஆர்.ஐ., நடை வேகத்தைக் கடிகாரம் வைத்து அளப்பது. சாதாரணமாக நம் மருத்துவமனைகளில் ஒரு நரம்பியல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்க முடிகிற நேரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய பேறு. ஆனால் இந்தக் கவனிப்புக்காக மட்டும் சேரக் கூடாது. அங்கே அளப்பதெல்லாம் முதலில் மருந்தைப் பற்றி அறிந்துகொள்வதற்காக. உங்களைக் குணப்படுத்துவது அதன் முதல் நோக்கம் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றென்று நோயாளிகள் எண்ணிக்கொள்வதை அமெரிக்க மனநல மருத்துவர் பால் ஆப்பல்பாமும் உடன் ஆய்வாளர்களும் 1982இலேயே எழுதிக் காட்டினார்கள்.

இனி மையக் கேள்விக்கு வருகிறேன். 1988இல் வெற்று ஊசி விழுந்தவர்கள், அன்று கிடைத்துக்கொண்டிருந்த எதையும் இழக்கவில்லை. வெளியிலும் ஒன்றும் இல்லை. இன்று விட்டுவிட்டுத் தாக்கும் எம்.எஸ்.ஸுக்குச் சுமார் இருபது மருந்துகள் இருக்கின்றன. ஆகவே இன்று வெற்று மருந்துக் குழு என்பது, கையில் இருப்பதை ஓராண்டோ ஈராண்டோ விட்டுக்கொடுப்பது. 2008இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் குழு அறிக்கை ஒன்று இதை நேராகவே எடுத்துக்கொண்டது. இருக்கும் மருந்துகளைப் பற்றி நன்றாக எடுத்துச் சொன்ன பிறகும் அவற்றை வேண்டாம் என்பவர், அவற்றால் பயனடையாதவர், பொருளாதாரம் போன்ற காரணங்களால் அவை கிட்டாதவர் ஆகியோரிடம் மட்டுமே விட்டுவிட்டுத் தாக்கும் வகையில் வெற்று மருந்துப் பரிசோதனையை ஏற்கலாம் என்றது.

மூன்றாவது காரணம் எனக்கு உறுத்துகிறது. மருந்து கிட்டாத ஏழை நாட்டில் வெற்று மருந்து கொடுக்கலாம், பணக்கார நாட்டில் கூடாது என்று அதைப் படிக்க இடம் இருக்கிறது. முதல் மருந்து வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான பிறகும், கிளாட்டிராமர் அசிடேட் ஊசியை வாரம் மூன்று முறை போட்டால் போதுமா என்று 1,404 பேரிடம் நடத்திய பரிசோதனையில் ஒரு பகுதியினருக்கு வெற்று ஊசிதான். கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து அதற்கு நோயாளிகள் சேர்ந்தார்கள். இந்தியாவில் இருந்து யோசிக்கும் நாம் இதைக் கவனிக்காமல் கடக்கக் கூடாது. ‘இந்த நோயாளிக்கு வெளியில் எதுவும் கிடைக்காது’ என்பது உண்மைதானா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

பெரும்பாலும் உண்மை இல்லை. விலை உயர்ந்த ஊசிகள் எட்டாத இடத்தில் இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ரிட்டுக்சிமாப் கொடுத்துவருகிறார்கள். இரத்தப் புற்றுநோய்க்காக வந்த இம்மருந்தின் உள்நாட்டு வகை 2007 முதல் ஹைதராபாத்தில் தயாராகிறது. எம்.எஸ்.ஸுக்கு என்று அனுமதி பெறாத மருந்துதான். ஆனால் சுவீடனில் நடந்து 2022இல் வெளியான பரிசோதனையில், இரண்டு ஆண்டுகளில் இதைப் பெற்றவர்களில் 3 சதவீதம் பேருக்கே நோய் மீண்டும் தாக்கியது. டைமெத்தில் ஃப்யூமரேட் மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம். இந்த ஒரு தகவல் தெரிந்தால், நம் ஊர் நோயாளியின் கணக்கே மாறிவிடும்.

இப்போது வெற்று மருந்துக்குப் பதிலாகப் பழைய மருந்தோடு ஒப்பிடுகிறார்கள். ஓக்ரெலிசுமாப்பை இண்டர்ஃபெரானோடு ஒப்பிட்ட இரண்டு பரிசோதனைகளில் ஆண்டுத் தாக்குதல் 0.16க்கு எதிராக 0.29. ஓஃபாட்டுமுமாப்பை டெரிஃப்ளுனோமைடு மாத்திரையோடு ஒப்பிட்டதில் 0.11க்கு எதிராக 0.22. ஒப்பீட்டுக் குழுவிலும் தாக்குதல்கள் எவ்வளவு குறைந்துவிட்டன என்று பாருங்கள். நல்ல மாற்றம்தான். ஆனாலும் பல நிறுவனங்கள் ஒப்பீட்டுக்கு டெரிஃப்ளுனோமைடையே தேர்ந்தெடுத்தன. அது மிதமான பலம் உள்ள மருந்து. வலுவற்ற மருந்தை வெல்வது எளிது. நோய் வேகமாக இருக்கும் ஓர் இளம்பெண்ணுக்கு அவருடைய மருத்துவர் வெளியில் ரிட்டுக்சிமாப்போ நட்டாலிசுமாப்போ கொடுத்திருப்பார் என்றால், டெரிஃப்ளுனோமைடு குழுவில் விழுவது அவருக்கு இறக்கம். அது மட்டுமல்ல: அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது, நிறுத்திய பிறகும் இரண்டு ஆண்டுகள்வரை இரத்தத்தில் தங்கலாம். அதை வெளியேற்ற வேறு மருந்து கொடுக்க வேண்டும். கல்யாணம், குழந்தை என்று வீடே பேசிக்கொண்டிருக்கும் வயதில் வரும் நோய் இது. பரிசோதனைக் காலம் முழுதும் கருத்தடை கட்டாயம் என்ற வரி படிவத்தில் சிறிதாக இருக்கும். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அது சிறியதல்ல.

நோய் எதிர்ப்பு அணுக்களைத் துடைத்துவிட்டுச் சொந்த ஸ்டெம் செல்லைத் திரும்ப ஏற்றும் சிகிச்சைக்கும் இதே கேள்வி பொருந்துகிறது. 110 பேரைச் சேர்த்து 2019இல் வெளியான பரிசோதனையில், ஸ்டெம் செல் குழுவில் மூவருக்கும் மருந்துக் குழுவில் 34 பேருக்கும் ஊனம் கூடியது. மலைக்க வைக்கும் எண்கள். ஆனால் அந்த மருந்துக் குழுவுக்கு அலெம்டுசுமாப் என்ற வலுவான மருந்தைக் கொடுக்கவில்லை. ஓக்ரெலிசுமாப்பும் அந்தப் பரிசோதனையின் பெரும்பகுதியில் சந்தைக்கே வந்திருக்கவில்லை. இன்றைய சிறந்த மருந்தோடு மோதவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை வைத்துத்தான் பிரிட்டனில் ஸ்டார்-எம்.எஸ்., அமெரிக்காவில் பீட்-எம்.எஸ். என்ற பரிசோதனைகளைத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட பரிசோதனையில் குலுக்கலின் இரண்டு பக்கமும் வலுவான சிகிச்சை. நோய் வேகமாக இருப்பவர் சேர நினைத்தால் நான் தயங்கச் சொல்ல மாட்டேன்.

ஆக, விட்டுவிட்டுத் தாக்கும் வகை, புதிதாகக் கண்டறியப்பட்டு நோய் சுறுசுறுப்பாக இருக்கும் இளையவர் என்றால் என் கருத்து இது: வெற்று மருந்து மட்டும் விழக்கூடிய பரிசோதனையில் சேர வேண்டாம். ஒப்பீட்டு மருந்து, உங்கள் மருத்துவர் வெளியில் தரக்கூடியதற்கு இணையாக இருந்தால் சேரலாம். இருக்கும் மருந்தைத் தொடர்ந்துகொண்டே மேலதிகமாக ஒன்றைச் சேர்க்கும் பரிசோதனை என்றால் இன்னும் எளிதாகச் சேரலாம்.

மெல்ல இறங்கும் வகைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இங்கே வெளியில் இருப்பது மிகக் குறைவு. 2017இல் ஓக்ரெலிசுமாப் வரும்வரை தொடக்கம் முதலே இறங்குமுகமாக இருக்கும் வகைக்கு அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. அந்த மருந்துக்கும் வியப்பான பலன் இல்லை: 732 பேர் கொண்ட பரிசோதனையில், ஊனம் கூடியவர்கள் மருந்துக் குழுவில் 32.9 சதவீதம், வெற்று மருந்துக் குழுவில் 39.3 சதவீதம். பரிசோதனைக்குப் பிறகு வெற்று மருந்துக் குழுவினரும் ஓக்ரெலிசுமாப்புக்கு மாறினார்கள். ஆனால் முதலிலேயே பெற்றவர்களை அவர்கள் எட்டிப் பிடிக்கவில்லை. தொடக்க ஆண்டுகள் பற்றி முன்னே சொன்னதற்கு இது இன்னொரு சான்று.

இந்த வகைக்கான பரிசோதனைகளின் வரலாறு ஏமாற்றங்களால் நிறைந்தது. சேர்பவர் அதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். அதிக அளவு பயோட்டின் கொடுத்த முதல் பரிசோதனையில் 154 பேர். மருந்துக் குழுவில் 12.6 சதவீதம் பேர் முன்னேறினார்கள், வெற்று மருந்துக் குழுவில் ஒருவரும் இல்லை. உலகெங்கும் நோயாளிகள் பயோட்டினை வாங்கி விழுங்கினார்கள். 642 பேரிடம் மீண்டும் சோதித்தபோது 12 சதவீதம், 9 சதவீதம்; இந்த வித்தியாசத்தை நம்ப முடியாது. போதாததற்கு, பயோட்டின் தைராய்டு போன்ற இரத்தப் பரிசோதனை முடிவுகளையே புரட்டிவிடும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் 140 பேரிடம் மூளைச் சுருக்கத்தை 43 சதவீதம் மட்டுப்படுத்தியதாக 2014இல் செய்தி வந்தது. பிரிட்டனில் 964 பேர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கிய பெரிய பரிசோதனையின் முடிவு 2024இல் வந்தது: ஊனத்தை அது தாமதப்படுத்தவில்லை. அந்த 964 பேரின் ஆண்டுகள் வீண் என்று நான் நினைக்கவில்லை. பயனற்ற ஒரு மாத்திரையை மற்றவர்கள் வாழ்நாள் முழுதும் விழுங்காமல் அவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒவ்வொருவரும் மனத்துக்குள் கொஞ்சம் நம்பிக்கையோடுதான் சேர்ந்திருப்பார்கள்.

டோலிபுருடினிப் மாத்திரை 1,131 பேரிடம் சோதிக்கப்பட்டது. எல்லோரும் தாக்குதல்கள் நின்றுபோய் இறங்குமுகத்தில் இருந்தவர்கள். ஊனம் கூடியவர்கள் 22.6 சதவீதம், வெற்று மருந்தில் 30.7 சதவீதம். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு இது உண்மையான செய்தி. கூடவே கல்லீரல் பாதிப்பும் வந்தது. ஒருவர் கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் இறந்தார். இதே மாத்திரை, விட்டுவிட்டுத் தாக்கும் வகையில் தாக்குதல்களைக் குறைப்பதில் டெரிஃப்ளுனோமைடை வெல்லவில்லை.

2023இல் பிரிட்டனில் தொடங்கிய ஆக்டோபஸ் பரிசோதனையின் அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் வீடுகளில் சர்க்கரைக்காக விழுங்கும் அதே மெட்ஃபார்மின் ஒரு குழுவுக்கு, ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் இன்னொரு குழுவுக்கு, வெற்று மருந்து மூன்றாவது குழுவுக்கு. மூளைச் சுருக்கத்தை எம்.ஆர்.ஐ.யில் பார்த்து, நம்பிக்கை தராத மருந்தை நடுவிலேயே கழற்றிவிட்டு, புது மருந்தைச் சேர்க்கும் ஏற்பாடு. பல மருந்துகளுக்கு ஒரே வெற்று மருந்துக் குழு என்பதால் வெற்று மருந்து விழும் வாய்ப்பு குறைவு. தோற்ற மருந்தில் ஒருவரின் ஆண்டுகள் கரைவதும் குறைவு. நோயாளிகளின் நேரத்தை மதிக்கும் திட்டம் இது. மெல்ல இறங்கும் வகை நோயாளிக்கு இத்தகைய அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

ஒரு வருத்தம்: இந்தப் பரிசோதனைகளின் வாசல் குறுகலானது. இறங்குமுக வகைக்கான அந்த ஓக்ரெலிசுமாப் பரிசோதனையில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இடம் இருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஊன்றுகோல் ஊன்றியாவது கொஞ்ச தூரம் நடக்க முடிந்தால்தான் சேர முடிந்தது. சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டவர்களுக்குப் பெரும்பாலான பரிசோதனைகளில் இடமே இல்லை. மிகவும் வேண்டியிருப்பவரை வெளியே நிறுத்துகிறார்கள். அந்த வெற்றிடத்தில்தான் வேறு சிலர் கடை விரிக்கிறார்கள்.

2009இல் இத்தாலியின் ஃபெர்ராரா நகர அறுவை மருத்துவர் பாவ்லோ சம்போனி, கழுத்துச் சிரைகளில் இரத்தம் தேங்குவதுதான் எம்.எஸ்.ஸுக்குக் காரணம், அவற்றை விரித்துவிட்டால் சரியாகும் என்றார். அவருடைய மனைவிக்கே இந்த நோய். கனடாவில் அந்தச் செய்தி தீயாகப் பரவியது. ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கனடியர்கள் மெக்சிகோவுக்கும் கோஸ்டாரிக்காவுக்கும் போலந்துக்கும் இந்தியாவுக்கும் பறந்தார்கள். உயிரிழப்புகளும் நடந்தன. பிறகு கனடாவில் 104 பேரிடமும், இத்தாலியில் சம்போனியே முன்னின்று 130 பேரிடமும் பொய்ச் சிகிச்சைக் குழு வைத்து முறையாகச் சோதித்தார்கள். 2017இல் இரண்டு முடிவுகளும் வெளிவந்தன. பலன் இல்லை. பொய்ச் சிகிச்சை பெற்றவர்களும் ‘தேவலை’ என்றார்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் எதைச் செய்துகொண்டாலும், அடுத்த மாதங்களில் அது தானாகத் தணிய வாய்ப்பு அதிகம். ‘எனக்குக் கேட்டது’ என்ற அனுபவத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

இன்று அதே இடத்தில் ஸ்டெம் செல் ஊசி விற்பனை நடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல், இரத்த நோய் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல்லை முறையான பரிசோதனைக்குள் மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. எளிய அடையாளம் ஒன்று உண்டு: சோதிக்கப்படும் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்டால் அது நம்பிச் சேரக்கூடிய பரிசோதனை இல்லை.

இந்தியாவில் சேர்பவர் குலுக்கலுக்கு முன் உறுதிசெய்துகொள்ள வேண்டிய ஒன்று, நோய் எம்.எஸ்.தானா என்பது. கண் நரம்பையும் முதுகுத்தண்டையும் தாக்கும் நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோய் இதைப் போலவே வேடம் போடும். நம் பகுதியில் அது அரிதல்ல. அதற்கான எதிர்ப்பணுவை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். இண்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் போன்ற எம்.எஸ். மருந்துகள் அந்த நோயைக் கூட்டிவிடக்கூடும். அதைக் காட்டும் அக்குவாபோரின்-4 எதிர்ப்பணு, அதேபோன்ற இன்னொரு நோயைக் காட்டும் மாக் எதிர்ப்பணு ஆகிய சோதனைகள் செய்யாமல் எந்தப் பரிசோதனைக்கும் கை நீட்டாதீர்கள். தூங்கும் காசநோயும் ஹெப்படைடிஸ் பி-யும் பார்க்கப்பட்டனவா என்றும் கேளுங்கள். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து அவற்றை எழுப்பிவிடும்.

சட்டம் நமக்குச் சாதகமாக இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. 2009 ஜூன் முதல் ஒவ்வொரு பரிசோதனையும் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுப்பார்கள் என்பது அங்கே எழுதியிருக்கும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகள், பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் கட்டாயம் என்கின்றன. எது பரிசோதனையால் வந்த பாதிப்பு என்ற பட்டியலில் மருந்தின் பக்கவிளைவு மட்டும் இல்லை. வெற்று மருந்துப் பரிசோதனையில், திட்டப்படி கிடைத்திருக்க வேண்டிய வழக்கமான சிகிச்சையைத் தராமல் விட்டதால் வந்த கேடும், கருவிலிருக்கும் குழந்தைக்கு வந்த கேடும் அதில் அடக்கம். பரிசோதனை முடிந்தபின் மருந்து தொடர்ந்து இலவசமாகக் கிடைப்பதற்கும் விதி இருக்கிறது. ஆனால் ஆய்வு மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும், அறநெறிக் குழு ஏற்க வேண்டும், வேறு சிகிச்சை இல்லாதிருக்க வேண்டும். வேறு சிகிச்சை உண்டு என்று சொல்லி அது மறுக்கப்படலாம். அந்த மருந்தை மாதாமாதம் சொந்தப் பணத்தில் வாங்க முடியுமா என்பதைச் சேரும்போதே யோசிக்க வேண்டும்.

நம் குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்புதல் படிவத்தைப் பல நேரம் கணவரோ அப்பாவோ அண்ணனோ வாங்கிப் படித்துவிட்டு ‘போடும்மா கையெழுத்து’ என்கிறார். அக்கறைதான். ஆனால் ஊசி ஏறப்போவது அவர் உடம்பில் அல்ல. இன்னொரு சங்கடம், சேரச் சொல்லும் ஆய்வாளரும் ஆண்டுக்கணக்காகச் சிகிச்சை தரும் மருத்துவரும் ஒருவராகவே இருப்பது. ‘டாக்டர் சொல்லி எப்படி மறுப்பது’ என்ற கூச்சத்தில் பலர் தலையாட்டுகிறார்கள். அந்தப் பரிசோதனையோடு தொடர்பில்லாத வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் படிவத்தைக் காட்டி, ‘இதில் சேராவிட்டால் எனக்கு நீங்கள் என்ன கொடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். அந்த விடையைப் படிவத்தில் இருக்கும் ஒப்பீட்டு மருந்தின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 1985இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. முன்பு பரிசோதனையில் இருந்தவர்களைப் பார்த்துப் பேச அது நல்ல இடம்.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் தராத இடத்தில் கையெழுத்திட வேண்டாம். கையெழுத்திட்ட பிறகும் காரணம் சொல்லாமல் எந்த நாளும் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. ஆனால் விலகும்போது மருந்தை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நட்டாலிசுமாப், ஃபிங்கோலிமோட் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பி வரலாம். அடுத்த மருந்து எது, என்றைக்குத் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு விலகுங்கள்.